வடித்த தண்ணீர்

முதலில் கால்தான் காட்டிக்கொடுத்தது. கோவில்பதாகையில் எங்கள் வீட்டில் கட்டிலை விட்டு எழுந்தேன். இரண்டு காலும் அப்படியே துவண்டன. நெஞ்சு விட்டு விட்டு அடித்தது. கணவர் ஆட்டோ பிடித்து, நான் வழக்கமாகக் காட்டும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

இசிஜி (இதயத் துடிப்பை வரைந்து காட்டும் படம்) பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது.

"பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கும்மா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இதயம் நின்னிருக்கும்."

பொட்டாசியம் (தசையையும் இதயத்தையும் இயக்கும் தாது) எல்லோர் சாப்பாட்டிலும் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியேற்றிவிடும். என்னுடையதைச் சர்க்கரை நோய் என்றைக்கோ தின்றுவிட்டது.

முதலில் கால்சியம் ஊசி. அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்துக்குக் காவல் நிற்கும், அவ்வளவுதான். பிறகு குளுக்கோஸோடு இன்சுலின். இரத்தத்தில் இருப்பதைச் செல்களுக்குள் தள்ளிவிட. கடைசியாக டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்வது). அதில்தான் அது உடம்பை விட்டுப் போனது. நர்சிங் படிக்கும் பெண்ணே, இதெல்லாம் உன் பாடத்தில் இருக்கும். இல்லாததைச் சொல்கிறேன், கேள்.

வார்டில் நர்ஸ் என் கணவரை நிறுத்திக் கேட்டார். "இளநீர் குடுத்தீங்களா? வாழைப்பழமா?"

"சத்தியமா இல்லம்மா. நீங்க சொன்னாமாரியே காய நறுக்கி, வேகவச்சு, தண்ணிய வடிச்சிட்டுத்தான் குடுக்கறேன்."

"வடிச்ச தண்ணிய என்ன பண்ணீங்க?"

"ரசம் வச்சேன். சத்தெல்லாம் அதுலதான கீது? சோந்து போய்க் கீறாளே, தெம்பு வரட்டும்னு..."

"அறிவிருக்கா உங்களுக்கு? நீங்களே பொண்டாட்டியக் கொன்னிருப்பீங்க!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவரோ, அம்பத்தூர் கம்பெனியில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, எனக்காகவே சமையல் கற்றுக்கொண்ட மனிதர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்கு அறிவில்லை? போன முறை வீட்டுக்கு அனுப்பும்போது இதே நர்ஸ்தான் போனைப் பார்த்தபடி, "காய வேகவச்சு தண்ணிய வடிச்சிடுங்க" என்று ஒப்பித்தார். ஏன் என்று சொன்னாரா? பொட்டாசியம் அந்தத் தண்ணீரில்தான் இறங்குகிறது, கீழே ஊற்றிவிடுங்கள் என்று ஒரு வார்த்தை? சோறு வடித்த கஞ்சியைக்கூட உப்புப் போட்டுக் குடிக்கிற வீடு எங்களுடையது. உடம்பு சரியில்லாதவளுக்கென்றால் அதுதான் முதல் டம்ளர். இது தெரியாமல் எங்களுக்கு என்ன பத்தியம் சொல்ல வருகிறீர்கள்?

உயிர் மிஞ்சியது. நாட்கள் இப்போது ஒரு இரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்ததுவரை ஓடுகின்றன. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் விரல் தானாக நாடியைத் தேடுகிறது. கணவர் இப்போது அடுப்புப் பக்கமே வருவதில்லை. தட்டுத்தடுமாறி நானே சமைக்கிறேன்.

மாத்திரை போட மட்டும் தண்ணீர் கொண்டுவந்து தருகிறார். வெறும் தண்ணீர்தான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் குடிக்கும் முன்பு என் கண் டம்ளருக்குள் போய்விடுகிறது. அவர் அதைப் பார்த்துவிடுகிறார்.