பயன்பாட்டில் இல்லாத பாதை

அண்ணனின் மக்காச்சோளக் கொல்லைக்குப் போகும் வண்டிப்பாதை ஆவணி பிறந்தால் காணாமல் போகும். உள்ளே கடைசிக் கொல்லைக்காரரான அண்ணன் உழுது விதைத்து வெளியே வந்ததும், பாதையின் இருபுறத்துக்காரர்களும் அவரும் சேர்ந்து அதையும் உழுது விதைத்துவிடுவார்கள். நடக்க ஒற்றையடி மட்டும் மிஞ்சும். அறுவடை முடிந்து, பங்குனியில் கல்லங்குறிச்சித் தேரோட்டத்துக்கு முன்னால் மண்ணைச் சமன்செய்து பாதையைத் திறந்துவிட வேண்டும். இதை யாரும் எழுதி வைத்ததில்லை, என்னைத் தவிர. மூடிய நாளும் திறந்த நாளும் ஆண்டுதோறும் என் டைரியில் இருக்கின்றன.

அரியலூரைச் சுற்றி மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல். அண்ணனின் கொல்லைக்கு முன்னால் இருந்த நிலங்களை ஒரு சிமெண்ட் ஆலை வாங்கியது. விற்றவர்கள் விரும்பியே விற்றார்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பாதை அரசுப் புறம்போக்கு. சுரங்கத்துக்கு அதையும் சேர்த்துக் கேட்டது ஆலை. சர்வேயர் கார்த்திகையில் வந்தார். விற்றவர்களின் கடைசி வெள்ளாமை அப்போது பாதையிலும் ஆளுயரம் நின்றது. "பாதை பயன்பாட்டில் இல்லை" என்று எழுதிக்கொண்டு போனார்.

பத்து ஆண்டு டைரிகளைப் பையில் போட்டுக்கொண்டு அண்ணனோடு தாலுகா ஆபீசுக்குப் போனேன். அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"சார், 'இன்று பாதையை உழுதோம்'னு நீங்களே எழுதியிருக்கீங்களே. அரசு பொறம்போக்க உழுதா அது ஆக்கிரமிப்புங்க."

"அப்ப கம்பெனி தோண்டுனா?" என்று கேட்டார் அண்ணன்.

"அது தொழில் வளர்ச்சிங்க."

"நான் மட்டும் என்ன பொழுதுபோக்குக்கா உழுவுறேன்?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. டைரியின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டார். இரண்டு வாரத்தில் அண்ணனுக்கு ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்தது. பாதையை ஆலைக்குக் குத்தகையாகக் கொடுத்த உத்தரவின் நகலும் அதே உறையில் இருந்தது. இரண்டிலும் ஒரே கையெழுத்து.

முதலாளித்துவம் என்றால் போட்டி, முதல் போட்டவனே நட்டத்துக்கும் பொறுப்பு என்று கல்லூரியில் படித்தேன். அண்ணன் அப்படித்தான் வாழ்கிறார். விதை அவருடையது. படைப்புழு விழுந்தால் போவதும் அவருடையது. சோளம் விலை சரிந்தால் எந்த ஆபீசும் பதறுவதில்லை. ஆலைக்கோ அடியில் இருக்கும் கல்லையும் மேலே இருக்கும் பாதையையும் அரசே எடுத்துக் கொடுக்கிறது. நாங்கள் மணிக்கணக்கில் நின்ற அறையில், ஆலையின் ஆள் நுழைந்ததும் நாற்காலி வந்தது. இதற்கும் அதே பெயர்தானாம். அந்த ஏட்டுப்படி பார்த்தால் எங்கள் ஊரில் முதலாளி அண்ணன் ஒருவர்தான். அவரைத்தான் ஆக்கிரமிப்பாளர் என்கிறார்கள்.

மேல்முறையீட்டுக்குப் பதில் இல்லை. இப்போது பாதை தொடங்கிய இடத்தில் கம்பிவேலியும் கேட்டும் இருக்கின்றன. அண்ணன் போய்வர ஆலை 'அனுமதி' தந்திருக்கிறது. இந்த ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை விதைப்புக்கு ஏற்ற மழை பெய்தது. மறுநாள் காலை டிராக்டரோடு போனோம். காவலாளி ஒரு நோட்டை நீட்டினார். பெயர், ஊர், யாரைப் பார்க்க.

"யாரைன்னு போடுறது?" என்றேன்.

"சோளக்கொல்லைய பாக்கன்னு எழுதுடா தம்பி. அது ஒண்ணுதான் உள்ள நமக்கு சொந்தம்" என்றார் அண்ணன்.

எழுதினேன். காவலாளி படித்துவிட்டு டிராக்டரைப் பார்த்தார்.

"ஆளு போவலாம்ணே. வண்டிக்கு தனி பாஸு வேணும். ஆபீஸ் இன்னிக்கு லீவு, திங்கக்கெழம வாங்க."

"அதுவரைக்கும் ஈரம் நிக்குமாய்யா?"

"நான் என்னண்ணே பண்றது? சொல்றத செய்யிறேன்."

திங்களன்று டிராக்டரின் ஆர்.சி. நகல் கேட்டார்கள். பாஸ் வியாழக்கிழமை கிடைத்தது. மழைக்குப் பிறகு ஆறு நாள் வெயில். கேட்டைத் திறந்துவிட்டார்கள், காய்ந்து இறுகிய கொல்லையில் கலப்பையின் கொழு இறங்கவில்லை.