சீட்டில் போட்டிருந்த ஏழு மணி

வேல்ஸ் நாட்டு ராக் குழு ஒன்றுக்கு நான் முப்பது வருட ரசிகன். ஐம்பது வருடமாக வாசிக்கும் அந்தக் கிழவர்கள் ஒருவழியாக நாங்கள் இருக்கும் மொன்றியல் நகரத்துக்கு வந்தார்கள். நுழைவுச்சீட்டில் ஏழு மணி என்று போட்டிருந்தது.

“வெள்ளைக்காரர் நேரத்துக்குத் தொடங்குவினம், வெளிக்கிடுங்கோ” என்றாள் மனைவி.

“இப்ப போனால் கதிரை அடுக்கிக்கொண்டு நிப்பினம்” என்றேன், எங்கள் ஆட்களின் கலியாணங்களுக்குப் போய்ப் பழகிய திமிரில். ஆறுதலாகத் தேநீர் குடித்து, மெட்ரோ பிடித்து, எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கடைசிப் பாட்டு போய்க்கொண்டிருந்தது. நல்ல காலம், அவர்களின் பாட்டு ஒன்று இருபது நிமிடம் நீளும், பாதியாவது கிடைத்தது. ஐம்பது வருடம் வாசித்தவர்களுக்கு எனக்காக இன்னுமொரு மணித்தியாலம் வாசிக்க முடியவில்லையே என்று, வீடு வந்து சேரும்வரை அவர்களைத்தான் திட்டினேன்.