பத்மாசினி டீச்சரும் மூன்று விரலும்

மதுரை கீழவாசல் பக்கம், அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி எங்களுடையது. ஒரே கூடத்தின் நடுவே தட்டி வைத்து, இந்தப் பக்கம் நான் நடத்தும் ஆறாம் வகுப்பு, அந்தப் பக்கம் பத்மாசினி டீச்சரின் ஏழாம் வகுப்பு. சௌராஷ்டிரக் குடும்பம், திருநகரிலிருந்து பஸ்ஸில் வருவார். கல்வித்துறையின் பணி ஒப்புதல் கிடைக்காமல் ஏற்கெனவே இரண்டு பள்ளிகளை விட்டு வந்தவர். இங்கும் அப்போது கிடைத்திருக்கவில்லை.

பின்னக் கணக்கு புரியாமலே, புரிந்ததுபோல் தலையாட்டித் தலையாட்டிப் பத்தாவது வரை வந்தவராம். அந்தக் கடுப்பில் பிடித்துக்கொண்ட பைத்தியம் ஒன்று அவருக்கு உண்டு. பாடம் முடிந்ததும் பிள்ளைகள் கண்ணை மூடி, நெஞ்சருகே விரல் காட்ட வேண்டும். ஒன்று என்றால் புரியவில்லை. இரண்டு, பாதி. மூன்று என்றால் நன்றாகவே புரிந்தது. ஒரு விரல்காரர்களுக்காக மறுநாள் அதே பாடத்தை வேறு மாதிரி நடத்துவார்.

“இப்படிப் போனா புத்தகத்தை எப்ப டீச்சர் முடிப்பீக?” என்று கிண்டல் செய்திருக்கிறேன்.

“பிள்ளைகளுக்கு என்ன தெரியலன்னு எனக்குத் தெரியணும்ல சார்” என்பார்.

ஆரம்பத்தில் எல்லோரும் மூன்றுதான் காட்டினார்கள். தெரியாது என்றால் அடி விழும் என்று நாங்கள் பழக்கி வைத்திருந்தோமே. ஷாஹீதா என்ற பெண் முதன்முதலாக ஒற்றை விரல் காட்ட நவம்பர் ஆனது. அன்று முழுக்க டீச்சர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

1999 பிப்ரவரியில் ஆய்வு. அதிகாரி எழுதும் அறிக்கையை வைத்துத்தான் ஒப்புதல். முந்தைய நாள் தலைமையாசிரியர் சௌந்தரராஜன் டீச்சரிடம் வந்தார்.

“நீங்க கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். தெரிஞ்சவுக வலது கை, தெரியாதவுக இடது கை. வலது கையா பாத்து எழுப்பி விடுங்க.”

“என் பிள்ளைககிட்ட அதைச் சொல்ல முடியாது சார்.”

“அப்ப அடுத்த பள்ளிக்கூடம் பாத்துக்கங்கம்மா.” மிரட்டவில்லை, நடக்கப்போவதைச் சொன்னார்.

அன்று மதியம் தட்டிக்கு அப்பால் டீச்சரின் குரல் கம்மிக் கேட்டது. “நாளைக்கு ஒருநாள் மட்டும். தெரியலன்னாலும் இடது கையைத் தூக்குங்க. இல்லன்னா டீச்சருக்கு வேலை போயிரும்.” எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் பதினெட்டு வருடமாக அதே வித்தையில் பிழைத்தவன் நான் என்ன பேச?

மறுநாள் அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைத் தட்டி ஓரமாகப் பார்த்தேன். டீச்சர் கேள்வி கேட்டார். நாற்பத்தொரு கைகள் எழுந்தன. “நானே ஒருத்தரை எழுப்புறேன்” என்று அதிகாரி எழுந்து நடந்தார். இடது கை தூக்கியிருந்த ஷாஹீதாவின் அருகே நின்றார். டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. அதிகாரி கொஞ்சம் யோசித்து, அடுத்து வலது கை தூக்கியிருந்த ஸ்ரீவர்ஷினியை எழுப்பினார். அவள் சரியாகச் சொன்னாள்.

ஆய்வு முடிந்த மறுநாள் டீச்சர் பழையபடி விரல் காட்டச் சொன்னார். நாற்பத்தொரு பேரும் மூன்று. சந்தேகப்பட்டுப் பலகையில் ஒரு கணக்கு போட்டார். ஒன்பது பேர்தான் சரி.

“ஷாஹீதா, உனக்குப் புரியலன்னு எனக்குத் தெரியும். ஏன் மூணு காட்டுன?”

அவள் எழுந்தாள். “ஒண்ணு காட்டினா உங்களை அனுப்பிருவாகல்ல டீச்சர்.”

“அதெல்லாம் அனுப்ப மாட்டாக. கண்ணை மூடிட்டு மறுபடி காட்டுங்க.” அழுகையை அடக்கிக்கொண்டு சொல்கிறார் என்பது எனக்கே தெரிந்தது. பிள்ளைகளுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. அதுவரை அந்த வகுப்பில் ஒரு பிள்ளைகூடப் புரியவில்லை என்று காட்டவில்லை.