எப்படிக் கலந்தாலும் எழுபது

தொண்ணூறுகளின் நடுவில், திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பித்தளை வார்ப்புப் பட்டறையில் லேப் இன்சார்ஜாக இருந்தேன். நான் படித்தது கணிதம். முதலாளி கம்ப்யூட்டர் வாங்கி மாலையும் போட்டுவிட்டார். தட்ட ஆள் இல்லை என்பதால் என்னை எடுத்தார்.

1. இல்லாத விடை

ஒரு பம்ப் கம்பெனி வால்வு கேட்டது. பித்தளையில் செம்பு அறுபது சதவீதம், ஜிங்க் என்கிற துத்தநாகம் நாற்பது இருக்க வேண்டும். முதலாளியின் மைத்துனர்தான் பர்சேஸ் மேனேஜர். இரண்டு வியாபாரிகளிடம் ஆளுக்கொரு லோடு பழைய பித்தளை வாங்கி இறக்கினார். சோதித்தேன். இரண்டிலுமே செம்பு எழுபது, ஜிங்க் முப்பது.

எந்தச் சரக்கு எத்தனை கிலோ என்று கண்டுபிடிக்க, செம்புக்கு ஒரு சமன்பாடு, ஜிங்க்குக்கு ஒரு சமன்பாடு எழுதினேன். வரைந்தால் இரண்டும் இணைகோடுகள், எங்கேயும் வெட்டிக்கொள்ளாது. கம்ப்யூட்டரும் 'தீர்வு இல்லை' என்றது.

"இன்னாம்மா, கம்ப்யூட்டர ஏசி ரூம்ல குந்தவெச்சிக்கீறேன், அது இல்லைன்னு சொல்லுது?" என்றார் முதலாளி.

"சார், ரெண்டும் ஒரே சரக்கு. எப்படிக் கலந்தாலும் எழுபதுதான் வரும். ஜிங்க் தனியா வாங்கிச் சேர்க்கணும்."

"மாமா, இந்தப் பொண்ணுக்கு எல்லாமே நெகட்டிவ்தான்," என்றார் மைத்துனர்.

2. உருக்கிப் பார்த்தது

பாதிக்குப் பாதி உருக்கினார்கள். செம்பு எழுபது. ஒன்றுக்கு மூன்று போட்டார்கள். எழுபது. திருப்பிப் போட்டார்கள். அதுவும் எழுபது. கம்ப்யூட்டருக்குச் சர்வீஸ் ஆள் வந்து தூசி தட்டிவிட்டுப் போனார். அடுத்த சந்தேகம் என்மேல் விழுந்தது.

"ஆர்டர் பூட்ச்சுன்னா நீயும் வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்," என்றார் முதலாளி. அன்று குரோம்பேட்டை பஸ்ஸில் வேறு வேலை எங்கே தேடுவது என்று யோசித்தபடியே போனேன்.

மறுநாள் காலையில் மைத்துனர் முகம் மலர்ந்து வந்தார். "மாமா, ஒரு ஐடியா. ஜிங்க்க தனியா வாங்கிப் போட்டா இன்னா?"

முதலாளி எழுந்து நின்றேவிட்டார். "பார்த்தியாம்மா, மூளைன்னா இதான்!"

நூறு கிலோ கலவையில் பதினாலே கால் கிலோ ஜிங்க், மீதி பழைய பித்தளை என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். வால்வு பாஸானது. மைத்துனர் ஜெனரல் மேனேஜர் ஆனார். என் வேலை எனக்கு மிஞ்சியது.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தீர்வு இல்லை என்று தெரிந்துகொள்ள இரண்டு சமன்பாடு போதும். முதலாளி அதை நம்ப வேண்டுமென்றால், சொந்தக்காரர் யாராவது சொல்ல வேண்டும்.