அம்மா ஊட்டாத கஞ்சி

நான் முதன்முதலில் ஏங்கிக் கிடந்தது ஒரு டம்ளர் தண்ணீருக்காகத்தான். சைக்கிள் எல்லாம் அதற்குப் பிறகு வந்த ஆசை. எட்டு வயதில் குடல் முறுக்கிக்கொண்டது என்று ஆம்பூரிலிருந்து வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கெட்டுப்போன துண்டை வெட்டியெடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைத்தார்கள். கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய். வாய்க்கு மட்டும் ஒன்றும் இல்லை. அம்மா ஈரப் பஞ்சால் என் உதட்டைத் துடைப்பாள். நான் அந்தப் பஞ்சையே சப்பப் பார்ப்பேன்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து, காற்று பிரிந்ததா என்று கேட்டார். ஏதோ பரிசு வாங்கியவனைப் போலத் தலையாட்டினேன். மூக்குக் குழாயை எடுத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

"ஸ்பூன் ஸ்பூனா தண்ணி குடுங்க. வாந்தி வரலன்னா மதியம் கஞ்சித்தண்ணி குடுக்கலாம்."

அம்மா சரி என்றாள். டாக்டரம்மா அந்தப் பக்கம் போனதும் டம்ளரை எனக்கு எட்டாத ஜன்னல் மேடையில் வைத்து மூடிவிட்டாள்.

"அம்மா, தண்ணி."

"கொஞ்சம் இரு கண்ணு."

அந்தக் கொஞ்சம் முடியவே இல்லை. பக்கத்துக் கட்டிலில் குடியாத்தத்துப் பையன் ஒருவன், அவனுக்கும் வயிற்றில் தையல். அவன் அம்மா அவனுக்குக் கஞ்சி ஊட்டும்போது கிண்ணத்தில் ஸ்பூன் உரசும் சத்தம் கேட்கும். எங்கள் தெருவின் கல்யாண வீட்டுப் பிரியாணி வாசனைகூட என்னை அப்படி வதைத்ததில்லை. எனக்கு வந்த கஞ்சித்தண்ணியை அம்மா எடுத்துப்போய்க் குழாயடியில் ஊற்றிவிட்டு வந்தாள். நர்ஸ் கேட்டதற்கு, "குடுத்தேன் சிஸ்டர்" என்றாள். பெற்றவளே என் பங்கைக் கொட்டிவிட்டு, என் எதிரிலேயே பொய் சொல்கிறாள். அன்று எனக்கு அவளைப் பிடிக்கவே இல்லை.

சாயங்காலம் காய்ந்து வெடித்திருந்த என் உதட்டைப் பார்த்து நர்ஸ் கண்டுபிடித்துவிட்டார். அம்மா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவள். அவளுக்குத் தெரிந்த தையல் அது ஒன்றுதான்.

"ஒட்டுன பேஸ்ட் காயறதுக்கு முன்னாடி இழுத்தா தோலே பிரிஞ்சிக்கும் சிஸ்டர். இது குடலு. இன்னும் ஒரு வாரம் போவட்டும்."

"குடலு தோல் இல்லம்மா. காலியா போட்டாத்தான் பேஜாரு. அதுக்கு வேலை குடுத்தா சீக்கிரம் ஆறும்."

ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு அப்போதுதான் வந்த அப்பா, நர்ஸ் கொண்டுவந்த கஞ்சிக் கிண்ணத்தையும் ஸ்பூனையும் அம்மா கையில் கொடுத்தார். ஒரு ஸ்பூன் எடுத்தாள். வாய்க்கு வருவதற்குள் அது என் கழுத்தில் சிந்தியது.

"என்னால ஆவாது. நீங்களே குடுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்பாதான் ஊட்டினார். வெறும் உப்புக் கஞ்சி. அந்த ருசியை அதற்குப் பிறகு எந்த விருந்திலும் நான் பார்க்கவில்லை. குடித்து முடித்ததும் அம்மா வந்து, கட்டுக்குப் பக்கத்தில் என் வயிற்றின் மேல் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை. ஐஸ் வைக்கப் பார்க்கிறாள் என்று நான் முறைப்பாகப் படுத்திருந்தேன்.

எனக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்து இறந்துபோனாள் என்பது அப்போதே தெரியும். எப்படி என்று யாரும் சொன்னதில்லை. அம்மா காலமான பிறகுதான் அப்பா சொன்னார். அக்காவுக்கும் குடலில்தான் ஆபரேஷன். பசி, பசி என்று அழுதவளுக்கு, டாக்டர் சொல்வதற்கு முன்பே, அம்மா யாருக்கும் தெரியாமல் பாலில் நனைத்த பன்னை ஊட்டியிருக்கிறாள். மறுநாள் அக்கா இல்லை. பன்னால் அல்ல, உள்ளே முன்பே சீழ் பிடித்திருந்தது என்று டாக்டர்கள் எவ்வளவோ சொல்லியும் அம்மா நம்பவில்லையாம்.

இப்போதும் காய்ச்சல் வந்தால் உப்புக் கஞ்சிதான் கேட்கிறேன், கிடைக்கவும் செய்கிறது. ஆனால் அந்த முதல் வாயை அம்மா கையால் வாங்கியிருக்கலாமே என்ற ஏக்கம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. என் வயிற்றின் மேல் இருந்த அந்தக் கை எதற்குப் பயந்து காத்திருந்தது என்று எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.