இரண்டாவது டைரக்டரின் கையெழுத்து

மும்பை மாட்டுங்காவில் நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் அலுவலகத்தில், என் மேஜையின் இரண்டாவது டிராயர் எப்போதும் பூட்டியே இருக்கும். அதில் வாடிக்கையாளர்களின் டோக்கன்களை வைத்திருந்தேன். பார்ப்பதற்கு சாதாரண பென் டிரைவ் மாதிரிதான் இருக்கும். கம்ப்யூட்டரில் செருகி, பின் நம்பரை அடித்தால் ஒருவருடைய கையெழுத்து விழும். பேனாவால் போட்ட கையெழுத்துக்கு என்ன மதிப்போ, சட்டத்தில் அதே மதிப்பு இதற்கும் உண்டு.

டோக்கன் யார் பெயரில் இருக்கிறதோ அவரே அதை வைத்திருக்க வேண்டும், பின் நம்பர் அவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும். சட்டம் சொல்வது அது. ஆனால் எங்களிடம் வரும் சின்ன கம்பெனி முதலாளிகள் டோக்கனை வாங்கிய அன்றே என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். "எங்கிட்ட இருந்தா தொலஞ்சிரும் மேடம்" என்பார்கள். வருடா வருடம் கம்பெனிக் கணக்குகளை அரசாங்கத்துக்கு அனுப்பும்போது அவர்களுக்கு ஃபோன் செய்து, சரி என்று சொன்ன பிறகு நானே செருகி, நானே நம்பரை அடிப்பேன். இந்த ஊரில் பாதி அலுவலகங்களில் இப்படித்தான் நடக்கிறது. யாரும் அதைத் தவறு என்று நினைப்பதில்லை.

தாராவியில் தோல் பை செய்யும் ஒரு கம்பெனி எங்கள் வாடிக்கையாளர். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். நான் அவரை பாய் என்பேன். பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு டைரக்டர்கள் வேண்டும் என்பதால், பதிவு செய்தபோது தன் தங்கையைக் கூட்டி வந்தார். அந்தப் பெண் நான் காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டார், டீ குடித்தார், போய்விட்டார். அவருடைய கணவர் அணுசக்தி நகர் ஸ்டாஃப் பஸ்ஸில் டிரைவர். வீடு செம்பூரில். அன்றிலிருந்து அவர் பெயரில் ஒரு டோக்கன் என் டிராயரில் இருந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு பிற்பகல். ஆடிட்டர் சார் ஒரு வரி விசாரணைக்காக வெளியே போயிருந்தார். அங்கே ஃபோனை அணைத்து வைக்க வேண்டும். பாய் ஹெல்மெட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார்.

"மேடம், ஒங்க மெயிலுக்கு ஒரு லிங்க் அனுப்பச் சொன்னேன். பாருங்க. பெரிய பை கம்பெனி. ரெண்டு வருஷத்துக்கு ஆர்டர். ரெண்டு டைரக்டரும் டிஜிட்டல் கையெழுத்து போடணுமாம். ஆறு மணியோட லிங்க் மூடிரும்."

மணி நான்கு ஆகியிருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு டோக்கனும் ஒங்கட்டதான இருக்கு. டக்குனு போட்டு விட்ருங்க."

எதையும் படிக்காமல் நான் செருகுவதில்லை. படிக்கத் தொடங்கினேன். அவர் விரல்களால் ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டே இருந்தார். சரக்கின் தரம், கொடுக்க வேண்டிய நாள், தாமதமானால் பிடித்தம் எல்லாம் வழக்கமானவை. பதினோராம் பக்கத்தில் நின்றேன். இந்த ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் இரண்டு வருடமும் கம்பெனி வேறு யாருக்கும் பை, பர்ஸ், பெல்ட் செய்து தரக்கூடாது என்று இருந்தது. அதில் ஆச்சரியமில்லை. அதற்கு அடுத்த வரியில், கம்பெனியின் டைரக்டர்களில் எவரும் தனிப்பட்ட முறையிலும் அப்படிச் செய்யக்கூடாது என்று இருந்தது.

அவருடைய தங்கை அதற்குச் சில மாதங்கள் முன்பு தனியாக என்னைப் பார்க்க வந்திருந்தார். செம்பூரில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து, மெஷின்கள் போட்டு, பெண்களை வைத்துப் பைகள் தைக்கிறார். அதைத் தன் பெயரில் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டார். செய்து கொடுத்தேன். அண்ணனுக்கு அதில் எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை. இந்த ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து விழுந்தால் அந்த அறையைப் பூட்ட வேண்டும். ஆனால் அதை அண்ணனிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இருவரும் எங்கள் வாடிக்கையாளர்கள்.

"தங்கச்சி இதைப் படிச்சாங்களா பாய்?"

"அவளா? அவளுக்கு என்னத்துக்கு? பேருக்குத்தான டைரக்டரு."

"பதினோராம் பக்கம் அவங்களையும் கட்டுப்படுத்துது. அவங்களைக் கேக்காம போட மாட்டேன்."

"போன வருஷம் போட்டீங்கள்லா?"

"அது கணக்கு. ஃபோன்ல சரின்னு அவங்களே சொன்னாங்க. இது ஒப்பந்தம்."

"இப்ப நான் சொல்லுதேன்லா. நான் அவ அண்ணன்."

"உங்க கையெழுத்துன்னா நீங்க சொன்னா போதும். இது அவங்களோடது. நாளைக்கு அவங்க நான் போடலைன்னு ஒரு வார்த்தை சொன்னா ஜெயில் எனக்குத்தான்."

"ஆரு சொல்லப் போறா? எங்க வீட்டுப் புள்ள மேடம்." அவர் எழுந்துவிட்டார். "போன மழைக்கு பாதி மெஷினு பிளாஸ்டிக் கவரு போட்டு கெடந்துச்சி. ஊருக்குப் போன பீகார்ப் பயலுவ திரும்பி வரல. வேல இருந்தாத்தான வருவானுவ. இதயும் விட்டுட்டு நான் என்ன செய்யட்டும்?"

அவர் சொன்னது பொய்யில்லை. அது தெரிந்ததால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் கண் என் டிராயர் பக்கம் போனது. சாவி பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதை உருவிக் கைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் என் கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். அத்தனை வருடப் பழக்கத்தில் நாங்கள் அப்படிப் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

தங்கைக்கு ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். மூன்றாவது தடவை எடுத்தபோது பின்னால் தையல் மெஷின்களின் சத்தம் கேட்டது.

"சொல்லுங்கக்கா. மிஷின் ஓட்டத்துல காதே கேக்கல."

பதினோராம் பக்கத்து வரியை அப்படியே தமிழில் சொன்னேன். அவர் யாரிடமோ ஹிந்தியில் நிறுத்தச் சொன்னார். மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"காக்கா அங்கன இருக்காவளா?" அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

"இருக்கார்."

"போட்றாதீங்க. நான் வாறேன்."

பாய் ஜன்னலுக்குப் போனார், திரும்பினார், மறுபடி போனார். பை கம்பெனியின் அதிகாரி ஹிந்தியில் ஃபோன் செய்து ஆயிற்றா என்று கேட்டான். "பாஞ்ச் மினிட், பாஞ்ச் மினிட்" என்று ஐந்து நிமிடம் கேட்டு ஃபோனை வைத்தார். பிறகு என்னிடம், "மழைல அவ எப்ப வந்து, எப்ப போட்டு... போச்சி மேடம். ஒரு பேஜுக்காவ கட்பட் பண்ணி எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க" என்றார். அவர் ஆர்டர் போனால் அதற்கு நானும் ஒரு காரணம்.

தங்கை வந்தபோது ஐந்து மணி தாண்டிவிட்டது. ரிக்‌ஷா சயானைத் தாண்டி வராது; அங்கிருந்து மழையில் டாக்ஸி கிடைக்கவில்லையாம். நடந்தே வந்திருக்கிறார். புர்காவின் கீழ்ப்பக்கம் முழங்கால் வரை நனைந்திருந்தது. உட்காரவில்லை.

"காக்கா, என்ட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா?"

"கேக்கதுக்கு என்ன கெடக்கு? வீட்ல சும்மா இருக்கமேன்னு ரெண்டு பர்ஸு தைக்க. அத ரெண்டு வருஷம் நிப்பாட்டுனா குடியா முழுகிரும்?"

"ரெண்டு பர்ஸா? எட்டுப் பொம்பளைய வேல பாக்காவ. வாடக குடுக்கேன்."

"எட்டா?"

"வந்து பாத்தாத்தான தெரியும். செம்பூரு என்ன துபாய்லயா இருக்கு?"

அவர் முகம் சிவந்தது. "அப்ப டைரக்டர்லருந்து எறங்கிரு. நான் ஒம் மதினியப் போட்டுக்கிடுதேன்."

"எறங்குதேன். இன்னைக்கு ஆறு மணிக்குள்ள மதினி டைரக்டர் ஆயிருவாவளா? அக்காவக் கேளுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். புது டைரக்டர் என்றால் அவருக்கு டைரக்டர் அடையாள நம்பர் வாங்கி, டோக்கன் வாங்கி, பதிவு செய்யப் பல நாட்கள் ஆகும் என்றேன். ஆனால் இன்னொரு வழி இருந்தது. டைரக்டருக்கு ஏற்கெனவே இருக்கும் தொழிலை ஒரு தனி இணைப்பாக எழுதி, அதற்கு மட்டும் விலக்குக் கேட்கலாம். அவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியாது. பாயையே கேட்கச் சொன்னேன்.

அவர் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். அந்த அதிகாரி சலித்துக்கொண்டான். யாரையோ கேட்டுவிட்டு மறுபடி வந்தான். இணைப்பை உடனே அனுப்புங்கள், எங்கள் வக்கீல் பார்ப்பார், ஆனால் என்னென்ன சரக்கு, எந்தெந்தக் கடைக்குப் போகிறது, எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்றான். எதையாவது மறைத்தது பிறகு தெரியவந்தால் ஒப்பந்தம் ரத்து என்றான்.

நான் ஒரு புதுப் பக்கம் திறந்தேன். தங்கை சொல்லச் சொல்ல அடித்தேன். டிஃபன் பை. கேன்வாஸ் கடைப் பை. தோல் பட்டை வைத்த லேப்டாப் பை.

"லேப்டாப் பை வேறயா" என்றார் பாய், சுவரைப் பார்த்து.

"எந்தக் கடைக்கெல்லாம் குடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

செம்பூரில் இரண்டு ஸ்டேஷனரி கடைகள், ஆண்டாப் ஹில்லில் ஒரு கடை. அதற்குப் பிறகு தங்கை நிறுத்திவிட்டார். எழுதியதைப் படித்துக் காட்டி, அவ்வளவுதானா என்று கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு கடைய விட்டுட்டா என்னாவும்க்கா?"

"கண்டுபிடிச்சா அண்ணனோட ஆர்டரே போயிடும். உங்களுக்குக் குடுத்த விலக்கும் போயிடும்."

அவர் ஈரத் துணியின் ஓரத்தைப் பிடித்துப் பிழிந்துகொண்டே இருந்தார். தரையில் தண்ணீர் சொட்டியது.

"தாதர்ல ஒரு கட. ஸ்டேஷனுக்கு எதுத்தாப்ல."

பாய் திரும்பினார். "எந்தக் கட?"

"ஒங்களுக்குத் தெரிஞ்ச கடதான் காக்கா."

பாய் மேஜைக்கு அருகில் வந்தார்.

"போன தீவாளிக்கு என்ட்ட எடுக்குதத நிப்பாட்டுனானே, அவனா?" என்றார் பாய். "எவனோ பூந்துட்டான் எவனோ பூந்துட்டான்னு ஒரு வருஷமா ஏசிக்கிட்டு இருக்கேன். நம்ம வீட்டுல வச்சி ஒன்ட்டயே சொல்லிருக்கேன்."

"சொன்னீங்க."

"சோறு போட்டுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தியே ஏளா!"

"நான் போயி கேக்கல. அவுகளாத்தான் வந்தாவ. நீங்க சரக்கு லேட்டாக் குடுக்கீகன்னு சொன்னாவ. நான் வேணாம்னா இன்னொருத்தன் எடுப்பான். ஒங்க ஆளு ஒருத்தர நான் இழுக்கல, ஒங்க ரேட்ட ஒடைக்கல." அவர் ஈரக் கையை மேஜைமேல் ஊன்றிக்கொண்டார். "சொல்லணும்னுதான் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் நீங்க ஏசுத ஏச்சுல வாய் வரல."

நான் இருவரையும் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தரைக்கு மேல் ஆகிவிட்டது.

"பாய், எழுதட்டுமா?"

அவர் ஜன்னலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "எழுதுங்க. ஒண்ணு விடாம எழுதுங்க."

கடையின் பெயரை அடித்து அனுப்பினேன். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் திருத்திய ஒப்பந்தம் வந்தது. இணைப்பு கடைசிப் பக்கமாகச் சேர்ந்திருந்தது. பதினோராம் பக்கத்திலும் அந்தத் தொழிலுக்கு மட்டும் விலக்கு என்று ஒரு வரி கூடியிருந்தது. அந்த இரண்டு பக்கங்களையும் தமிழில் உரக்கச் சொன்னேன்; வேறெங்கும் ஒன்றும் மாறவில்லை என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பாயின் டோக்கனைச் செருகி, கீபோர்டை அவர் பக்கம் தள்ளினேன்.

"நீங்களே அடிங்க மேடம்."

"இனிமே நான் அடிக்க மாட்டேன்."

அவருக்குத் தன் நம்பர் தெரியவில்லை. ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். அடுத்து தங்கையின் டோக்கன். அவர் முதலில் கேட்டது, "இந்த நம்பர நானே மாத்திக்கிடலாமாக்கா?" என்பதுதான். நேரம் குறைவாக இருந்தது. இருந்தும் மாற்றும் இடத்தைத் திறந்து கொடுத்துவிட்டு, நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டேன். என் முதுகுக்குப் பின்னால் கீபோர்டு சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. திரும்பியபோது திரையில் இரண்டு பச்சைக் குறிகள் இருந்தன.

பாய் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, தங்கைக்குக் காத்திராமல் படியிறங்கினார். கீழே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்கும் வரை தங்கை அசையவில்லை. பிறகு டோக்கனை உருவிப் பர்ஸுக்குள் போட்டுக்கொண்டார். "இது எங்கிட்டயே இருக்கட்டும்க்கா" என்றார். எனக்கு நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அன்று மாலை தன் தொழிலுக்காக அண்ணனின் நம்பிக்கையை அவர் அந்த அறையில் விட்டுவிட்டுப் போனார் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் பாய் தனியாக வந்தார். டோக்கனைக் கேட்டார்.

"உங்களுது இருக்கு. தங்கச்சியோடதை அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"தெரியும். அதான் வந்தேன். எனக்கும் நம்பர மாத்திக் குடுங்க."

அவரையே மாற்றச் சொல்லித் திறந்து கொடுத்தேன். கீபோர்டு மேல் இடது உள்ளங்கையைக் குடை மாதிரி கவிழ்த்துக்கொண்டு, குனிந்து அடித்தார். அவருடைய பழைய நம்பரை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். "பாக்காதீங்க மேடம்" என்றார். நான் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுப் பட்டனைப் பூட்டினார். கதவு வரை போனவர் நின்றார்.

"அந்தத் தாதர் கடைக்குப் போயிருந்தேன். அந்த லேப்டாப் பைய எடுத்துப் புடிச்சி இழுத்துப் பாத்தேன். பட்டை அசையல. நல்லாத்தான் தச்சிருக்கா." ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "அதான் கோவம்."

கணக்கு அனுப்பும் மாதம் வந்தபோது இருவருக்கும் ஒரே நேரம் கொடுத்தேன், சேர்ந்து வந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று. பாய் அதற்கு முந்தின நாள் காலையிலேயே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தங்கை மறுநாள், நான் சொன்ன நேரத்துக்கு வந்தார்.