ஆறாவது ஷீட்

என் வீட்டுக்காரர் பழனிக்குமாருக்கு எரியோட்டில் கடை. எரிந்துபோன கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது தொழில். நல்ல மனிதர். பீடி இல்லை, பிராந்தி இல்லை. ஒரே ஒரு குறை, பழைய பேய்ப்பட போஸ்டர் சேர்ப்பார். அதுவும் ஓவியர் கையால் வரைந்து அச்சடித்ததாக இருக்க வேண்டும். போட்டோ போட்ட போஸ்டரைக் கண்டால், "இதுல பேயே இல்ல, பவுடர் பூசுன பொம்பளதான் இருக்கா" என்று தள்ளிவிடுவார்.

எல்லாம் வேலைக்குப் போகிற இடத்தில் கிடைப்பவைதான். மோட்டார் ரூம் சுவரில் ஒட்டியிருக்கும், டிரங்குப் பெட்டிக்குள் விரித்திருக்கும். இவர் மோட்டாரைப் பார்ப்பதற்கு முன் சுவரைப் பார்ப்பார். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, தோசை எடுப்பதுபோல ஓரத்திலிருந்து உரித்துக்கொண்டு வருவார். எங்கள் சாமி அறைக்கு அடுத்த அறை முழுக்க ரத்தமும் பல்லும்தான். மாரியம்மனை நினைத்து அந்தக் கதவில் தினமும் திருநீறு பூசுவேன். இத்தனை சேர்த்தவர் ஒரு பேய்ப்படத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிவியில் கதவு தானாகத் திறந்தாலே எழுந்து குளிக்கப் போய்விடுவார்.

அவர் வைத்திருந்ததில் பெரியது ஓர் ஆறு ஷீட் போஸ்டர். ஆறு தாளையும் சேர்த்தால் சுவர் அளவுக்கு ஒரே பேய் நிற்குமாம். இவரிடம் ஐந்துதான் இருந்தது. சிவப்புச் சேலை, விரித்த கை, நகம், கொலுசுக் கால் எல்லாம் உண்டு. முகம் உள்ள தாள் மட்டும் இல்லை. பதினோரு வருடமாகத் தேடினார்.

"கழுத்துக்கு மேல என்ன இருந்தா என்னங்க?" என்று கேட்டேன்.

"மொகம் தெரியாம எப்படிப் பயப்படுறது கௌசல்யா?" என்றார்.

போன தை மாதம், திண்டுக்கல்லில் ஒரு காலேஜில் வாத்தியாராக இருக்கும் பிராங்க்ளின் சார் இவரைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கடைக்கு வந்தார். பழைய போஸ்டர்களை வைத்துக் கண்காட்சி நடத்துகிறோம், உங்கள் ஆறு ஷீட்தான் நடு ஹாலில் என்றார். அழைப்பிதழில் பெயரும் அடித்துவிட்டார்கள். எங்கள் கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு இவர் பெயர் அச்சில் வந்தது அப்போதுதான். ஒரு தாள் குறைகிறது என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. இருபது நாள் சோறு இறங்கவில்லை.

ஒரு மத்தியானம் கன்னிவாடியிலிருந்து இவர் போன் செய்தார். "கெடைச்சிருச்சு கௌசல்யா. ஆனா சாமி ரூம்ல இருக்கு. ஆம்பள கேட்டா நல்லாருக்காது. அம்மன் படம் பெருசா ஒண்ணு வாங்கிட்டு வா. மாத்திக் கேப்போம்."

அது ராமுத்தாய் அக்கா வீடு. மல்லிகைத் தோட்டக்காரர். மோட்டார் பார்க்கப் போன இடத்தில் தண்ணீர் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார் இவர்.

கண்ணாடி போட்ட படத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். வாசலைத் தாண்டியதும் எதிரே விளக்கு, கதம்பம், சட்டத்துக்குள் அவள். விரித்த கூந்தல், சிவந்த கண், நீட்டிய நாக்கு, நெற்றியில் காசளவு குங்குமம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் கடைவாயில் ரத்தம் ஒழுகும் கோரைப் பல் கண்ணில் பட்டது. பதினோரு வருடமாக நான் மூதேவி என்று திட்டிய உடம்பின் தலை அது. என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"என்னத்துக்கு புதுப் படம்?" என்றார் ராமுத்தாய் அக்கா, பூக் கட்டிக்கொண்டே.

இவருக்குப் பொய் வராது. "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க கும்புடுறது சாமியில்ல. சினிமாப் பேயி."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தெரியும்ப்பா. நான் என்ன கூமுட்டையா?" பூக் கட்டும் கை நிற்கவில்லை. "எங்க வீட்டுக்காரரு போஸ்டர் ஒட்டுனவருதான். ஒரு தாளு மிஞ்சிருச்சுன்னு கொண்டாந்து தவசப் பானைய மூடுனாரு. அந்த வருசம் ஊரெல்லாம் எலி. எம் பானையில ஒரு எலி வாய் வைக்கல. அப்புறமும் அவள மூடியாவே வச்சிருப்பாகளா?"

"இருந்தாலும் பேயிதானேக்கா..."

"ஏப்பா, நம்ம பக்கம் அநியாயமாச் செத்தவளுக்குத்தானே பீடம் போட்டுக் கும்புடுறோம்? அவளும் மொதல்ல பேயாத்தான் அலைஞ்சிருப்பா. பொங்க வச்ச பெறகுதான் சாமி."

நான் கொண்டுபோன படத்தை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. "இவ இருக்கயில இன்னொருத்தி எதுக்கு? சண்டை வரும்" என்றார். பிறகு நிமிர்ந்து, "ஆமா, மிச்ச ஒடம்பு எங்க?" என்று கேட்டார்.

"எங்கிட்டதான்க்கா, அஞ்சு ஷீட்டும் கிழியாம இருக்கு" என்றார் இவர், பெருமையாக.

"அடப்பாவி! ஆத்தாள முண்டமா சுருட்டி வச்சிருக்கியா? மரியாதையாக் கொண்டாந்து சேத்துரு!"

வாங்கப் போனவர் கொடுக்க வேண்டியவர் ஆனார். கண்காட்சிக்கு நாலு நாள்தான் இருந்தது. இவர் முகத்தைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை. "அக்கா, சாமின்னா வருசத்துக்கு ஒரு நா வெளிய பொறப்படுமில்ல? அது மாதிரி திண்டுக்கல் வரைக்கும் அனுப்புங்க" என்றேன்.

அக்கா கட்டி முடித்த சரத்தைச் சட்டத்துக்கு மேல் சாத்தினார். "பொறப்படும். நானும் கூட வருவேன். திரும்பயில ஒடம்போட வரணும்."

ஒரு நாள் முகத்துக்குப் பதினோரு வருட உடம்பு. இவர் சட்டத்துக்குள் இருந்த கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிக்கா" என்றார்.

காலேஜ் ஹாலில் ஆறு ஷீட்டும் சேர்ந்து நின்றபோது இவர் என் கையைப் பிடித்தார். "பயமா இருக்கு கௌசல்யா" என்றார், அப்படி ஒரு சந்தோசத்தோடு. மேடையில் பிராங்க்ளின் சார் ஓவியக் கலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே ராமுத்தாய் அக்கா தட்டில் கற்பூரத்தை ஏற்றிவிட்டார். முன் வரிசைப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றினார்கள். சிறப்பு விருந்தினர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிராங்க்ளின் சார் சர்ச்சுக்குப் போகிறவர், என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா நீட்டிய தேங்காயை வாங்கி வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கன்னிவாடி பஸ்ஸில் ஆறு தாளும் அக்கா மடியில் ஏறின. ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு என் வீட்டுக்காரர், "அக்கா, எப்பவாச்சும் வந்து பாத்துக்கிறேன்" என்றார்.

"வெள்ளிக்கெழம வா. குளிச்சுட்டு வா, கறி தின்னுட்டு வராத" என்றார் அக்கா.